பூந்தமல்லி மாடல்

குஜராத் மாடல் கேட்டாயிற்று. திராவிட மாடலும் கேட்டாயிற்று. இவை இரண்டுக்கும் மூத்தது ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டெல்லியில் யார் ஆண்டாலும், கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் அதற்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. பெயர்கூட வைக்காமல் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். பெயர் வைக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்: பூந்தமல்லி மாடல்.

மாடல் என்றால் முறையாக எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிடுவோம். பயங்கரவாதத்தையும் அதை ஒடுக்கும் கொள்கையையும் சமன்பாடு போட்டு ஆராய்கிற துறை ஒன்று உண்டு. டாட் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியரும் இரண்டு சகாக்களும் 1983இல் எழுதிய கட்டுரை அதன் தொடக்க காலத்தது. பயங்கரவாதி பைத்தியக்காரன் அல்ல, அவனும் லாப நஷ்டம் பார்த்துத்தான் காரியம் செய்கிறான், அரசும் அப்படியே, ஆகவே இரண்டு பேர் ஆடும் ஆட்டமாக இதைக் கட்டம் போட்டு எழுதலாம் என்றார்கள். எழுதிப் பார்த்ததில் பலன் இல்லாமலும் போகவில்லை. 1973இல் அமெரிக்க விமான நிலையங்களில் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். விமானக் கடத்தல் குறைந்தது. ஆனால் வேறு வகையில் ஆட்களைப் பணயம் வைப்பது கூடியது என்று சாண்ட்லரும் வால்டர் எண்டர்ஸும் பிறகு கணக்குக் காட்டினார்கள். 2007இல், இந்தியாவிலிருந்து போன மிலிந்த் தாம்பேயும் அவருடைய மாணவர்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். எந்தச் சாலையில் எந்த நேரத்தில் செக்போஸ்ட் போடுவது என்பதை வேவு பார்க்கிறவன் ஊகிக்க முடியாதபடி அது மாற்றி மாற்றிப் போடும்.

இந்தப் பேராசிரியர்களைக் கேலி செய்வது என் வேலை அல்ல. அவர்களிடம் ஒரு நாணயம் இருக்கிறது. மாடல் போடுகிறவன் தன் எடுகோள்களை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தாக வேண்டும். "இன்னின்னதை உண்மை என்று வைத்துக்கொள்கிறேன், இது தவறினால் இவ்வளவு நஷ்டம்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் விரலை வைத்து, "ஐயா, இந்த இடத்தில் உதைக்கிறது" என்று கேட்கலாம். எந்த ஆளை எடுத்தாலும் கட்டங்கள் நாலுதான். குற்றவாளியைப் பிடித்தால் என்ன, விட்டால் என்ன? நிரபராதியை விட்டால் என்ன, பிடித்தால் என்ன? ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் எழுத வேண்டும்.

நம் அரசுகள் முதல் மூன்று கட்டத்தை எப்போதோ நிரப்பிவிட்டன. நாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு கட்டத்தை எழுதாமலே எப்படி ஒரு மாவட்டத்தை ஆளலாம் என்பதுதான் பூந்தமல்லி மாடல். எடுகோள்களை அவர்கள் எழுதவில்லை. நான் எழுதித் தருகிறேன். ஆலோசனைக் கட்டணம் வேண்டாம்.

எடுகோள் 1: கையில் பேட்டரி இருந்தால் மனதில் குண்டு இருக்கும்

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரைச் சுற்றி நின்றவர்களும், காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் குண்டில் சிதறினார்கள். அது கொடூரம். அதைச் செய்தவர்கள் தண்டனைக்கு உரியவர்கள். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

அடுத்த மாதம் 11ஆம் தேதி பேரறிவாளன் என்ற 19 வயதுப் பையனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள் என்று அவருடைய தாயார் அற்புதம்மாள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அந்த மறுநாள் விடிய 2022 மே 18 ஆயிற்று. முக்கியமான குற்றச்சாட்டு என்ன? அந்தக் குண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார்.

பெட்டிக்கடையில் கிடைக்கிற பொருளை வாங்குவது எந்த நாட்டிலும் குற்றம் அல்ல. எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் முழு வழக்கும் நிற்கிறது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாதாரண வழக்கில் செல்லாது. அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15ஆவது பிரிவு அதைச் செல்லும்படி ஆக்கியது, எஸ்.பி. அந்தஸ்தில் ஒரு அதிகாரி எழுதிக்கொண்டால் போதும். அப்படி எழுதிக்கொண்ட சிபிஐ அதிகாரி தியாகராசன், ஓய்வு பெற்ற பிறகு, 2013இல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்தப் பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்.

கவனியுங்கள். பேராசிரியர்கள் வருடக் கணக்கில் தலையை உடைத்துக்கொள்வது எதற்கு? எதிராளியின் உள்நோக்கத்தை எப்படி அளப்பது என்பதற்கு. தாளில் தாளாகச் சமன்பாடு போடுகிறார்கள். நம் ஆள் பேனாவை ஒரு வரிக்கு மேலே தூக்கிப் பிடித்தார், வேலை முடிந்தது. அந்த ஒரு வரியின் விலை தூக்குத் தண்டனை. கருணை மனு பதினோரு வருடம் கிடந்தது. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தார்கள். 2014இல்தான் அது ஆயுளாகக் குறைந்தது. உண்மையைச் சொல்ல அதிகாரிக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. அவர் சொன்ன பிறகும் கதவு திறக்க இன்னும் ஒன்பது வருடம் பிடித்தது. அரசு அவசரப்படுவதில்லை, உள்ளே இருந்தது அரசு இல்லையே.

எடுகோள் 2: முதலில் பிடி, சரிபார்ப்பது பிறகு

ராஜீவ் வழக்கு நடந்தது பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில். கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று ஊருக்குத் தெரியாது. 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது. விசாரிக்கப்பட்டவர்கள் 26 பேர். 26 பேருக்கும் தூக்கு.

மேல்முறையீடு போனது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்காது என்றது. சிலர்மேல் இருந்த சிறு குற்றங்களுக்கு உள்ளே இருந்த காலமே போதும் என்று வெளியே அனுப்பியது. நாலு பேருக்குத் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு லாட்டிலிருந்து 26 கம்பி எடுத்துச் சோதித்து 19 ரிஜெக்ட் ஆனால் என்ன நடக்கும்? கியூ.சி. பார்க்கிறவர் லைனை நிறுத்தச் சொல்வார். ஷிஃப்ட் இன்சார்ஜ் கைகட்டி நின்று பதில் சொல்வார். ஃபர்னஸிலிருந்து லேப் வரைக்கும் நோண்டிப் பார்ப்பார்கள். முதலாளி அன்றைக்குச் சோறு தின்ன மாட்டார். ரிஜெக்ட் ஆன கம்பியையாவது திரும்ப உருக்கிவிடலாம். ஏழெட்டு வருடம் உள்ளே கிடந்து, அதில் கடைசி ஒரு வருடத்துக்கு மேல் தூக்குக் கயிற்றின் கீழ் தூங்கிய மனிதனை எந்த உலையில் போட்டு உருக்குவது? பூந்தமல்லியில் லைனை யாரும் நிறுத்தவில்லை. நூற்றுக்கு எழுபத்துமூன்று ரிஜெக்ட் ஆனதற்கு ஒரு ஷோகாஸ் நோட்டீஸ்கூட போனதாகச் செய்தி இல்லை.

இதற்கு மேலும் ஒரு வித்தை நடந்தது. இந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதச் செயலுக்குள் வராது என்று அதே 1999 தீர்ப்பே சொன்னது. அப்படியானால் தடாவின்படி வாங்கிய வாக்குமூலங்கள் குப்பைக்குத்தானே போக வேண்டும்? போகவில்லை. ஒரே விசாரணையில் சேர்த்து நடத்திய வழக்கு என்பதால் வாக்குமூலம் மட்டும் செல்லும் என்று சட்டம் இடம் கொடுத்தது. கல்யாணம் செல்லாது, ஆனால் வரதட்சணை செல்லும்.

இது ஒரு வழக்கின் விபத்து என்று யாராவது சொல்லலாம். சரி, மாவட்டக் கணக்கே போடுவோம். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 37,28,104. இதில் 10 பேர் பயங்கரவாதிகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும் ஒரு கருவி இருக்கிறது. முகம் பார்க்கும் மென்பொருளோ, போன் பதிவை அலசும் இயந்திரமோ, ஏட்டய்யாவின் கழுகுக் கண்ணோ, எதுவாகவும் இருக்கட்டும். உலகத்தில் இவ்வளவு நல்ல கருவி இல்லை, இருந்தாலும் வைத்துக்கொள்வோம். அது அந்தப் பத்து பேரையும் பிடித்துவிடும். கூடவே நிரபராதிகளில் நூற்றுக்கு ஒருவரையும் பிடிக்கும். அதாவது 37,281 பேர். கருவி கைகாட்டும் ஒவ்வொரு 3,729 பேரிலும் 3,728 பேர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பேயஸ் என்ற பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். மேல்நிலைப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இது இருக்கிறது. உள்துறையில் யாரும் பிளஸ் டூ தாண்டவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே கொடுத்த பதில் இது: 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகளில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ.வில் கைதானவர்கள் 4,690 பேர். அதே மூன்று ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள் 149 பேர். பிடித்த வருடத்திலேயே தீர்ப்பு வராது, தெரியும். அதுதானே விஷயம்? இந்தச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு வரும்போது தண்டனை ஏற்கெனவே அனுபவித்து முடிந்திருக்கும். நிரபராதி என்று தெரிந்தால் அதைப் போனஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுகோள் 3: அகதி என்றால் இன்னும் மாட்டாதவன்

கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்களின் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. முன்பு இதே மாவட்டத்தில் இருந்த புழலில் இன்னொன்று. 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு இலங்கையில் ஒரு பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றே வருடத்தில் நிரந்தரமானது. அந்தச் சட்டத்துக்கும், அதைக் கையில் வைத்திருந்த பட்டாளத்துக்கும் தப்பிப் படகேறியவர்கள் இங்கே தற்காலிகக் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். அதுவும் நிரந்தரமானது.

1991க்குப் பிறகு இவர்கள் ஒவ்வொருவரும் மாடலில் ஒரு புள்ளி. செக்கிங் நாளன்று முகாமுக்குப் போனால் மாடல் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மேசை போட்டு, பெரிய பதிவேட்டை விரித்து வைத்து, வருவாய்த்துறை ஆள் பெயர் கூப்பிடுவார். போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் ஆள் கொஞ்சம் தள்ளி நிற்பார். முகாமில் பல ஆண்களுக்குப் பெயின்ட் வேலைதான் வாழ்வு. வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்த் தங்குவார்கள். பேச்சு இப்படித்தான் போகும்.

"எங்கம்மா வீட்டுக்காரரு?"

"பெயின்ட் வேலைக்குப் போனவர் ஐயா. ராவு வாறன் எண்டவர், பஸ் கிடைக்கேல்லையாம்."

"செக்கிங்னு தெரியும்ல? அடுத்த தடவை ஆள் இல்லேன்னா பேர எடுத்துருவேன்."

அந்த அம்மா தலையை ஆட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். பெயர் போனால் உதவித்தொகை போகும், அரிசி போகும், முகாமில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். பஸ் கிடைக்காத பெயின்டர் மாடலின் பார்வையில் தலைமறைவானவர்.

சந்தேகம் கொஞ்சம் கூடினால் சிறப்பு முகாம். பூந்தமல்லியிலும் செங்கல்பட்டிலும் அப்படி முகாம்கள் இருந்தன. பிறகு திருச்சி மத்திய சிறை வளாகம். வெள்ளைக்காரன் காலத்து 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்து, வழக்கு இல்லாமல், தீர்ப்பு இல்லாமல், விடுதலைத் தேதி இல்லாமல் வைத்திருந்தார்கள். சிறையிலாவது தேதி உண்டு. ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் மீதி ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதில் இலங்கைக்காரர்களான நாலு பேர் சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் சாந்தன் ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். ஆம், மருத்துவமனையின் பெயர் அதுதான். நான் எதையும் சேர்க்கவில்லை.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடு எழுதியவர்களுக்கு ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாடு கண்ணுக்குப் படவில்லை. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்து, சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு நிற்கும் பையன் இன்னும் பதிவேட்டில் ஒரு புள்ளிதான்.

எடுகோள் 4: பேச்சும் குண்டும் ஒரே எடை

2002 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா சட்டத்தை நிறைவேற்றினார்கள். சட்டம் கொண்டுவந்த கூட்டணியில் வைகோவின் கட்சியும் இருந்தது. நாலே மாதத்தில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக, ஜெயலலிதா அரசு அதே பொடாவில் வைகோவைப் பிடித்தது. 19 மாதம் வேலூர் சிறை. வழக்கு? வேறு எங்கே, பூந்தமல்லிதான். மாடல் செய்து கொடுத்தவரே மாடலுக்குள் புள்ளியாக விழுந்த கதை வேறு எந்த நாட்டு ஆய்விலும் கிடைக்காது. அதே பொடாவில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன் உள்ளே போனார். பத்திரிகை ஆசிரியர் நக்கீரன் கோபால் உள்ளே போனார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் எண்ணம் இல்லாமல் ஆதரவாகப் பேசுவது மட்டும் குற்றமாகாது என்று விளக்க வேண்டியிருந்தது. நாக்குக்கும் வெடிமருந்துக்கும் வித்தியாசம் உண்டு என்று இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எழுதித்தர வேண்டியிருந்தது.

பொடாவை 2004இல் ஒழித்தோம் என்று காங்கிரஸ் கூட்டணி மார்தட்டியது. தி.மு.க.வும் அதில் இருந்தது. ஒழித்த கையோடு அதன் சரக்கில் பெரும்பகுதியை யு.ஏ.பி.ஏ.வுக்குள் இறக்கினார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் இன்னும் இறுக்கினார்கள். 2019இல் பாஜக அரசு, அமைப்புகளை மட்டும் அல்ல, தனி ஆளையும் பயங்கரவாதி என்று அரசிதழில் அறிவிக்கலாம் என்று ஆக்கியது. அதற்கு வழக்கே தேவையில்லை, தீர்ப்பும் தேவையில்லை. கொடி மாறும், பிரிவு எண் மாறும். பூந்தமல்லிக்குப் போகிற வேன் மட்டும் அதே வேன்.

எடுகோள் 5: ஆபத்து என்றால் ஆள், பொருள் அல்ல

இனி மாடலின் சிகரம். 2015இல் சென்னைத் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வந்து இறங்கியது. உரிமத்தில் சிக்கல் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்தது. பறிமுதல் செய்த சரக்கை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கொண்டுபோய் வைத்தது. மணலி அப்போது திருவள்ளூர் மாவட்டம். 37 கன்டெய்னர். 697 டன். ஐந்து வருடம்.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதுவும் பறிமுதல் செய்து வருடக்கணக்கில் கிடப்பில் போட்ட சரக்குதான். அதற்குப் பிறகுதான் நம் மணலிச் சரக்கு ஊர் வாயில் விழுந்தது. எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்றது சுங்கத்துறை. பாதுகாப்பாக இருந்த சரக்கு சில நாட்களில் லாரி லாரியாக ஹைதராபாத் கிளம்பியது.

இரண்டு 9 வோல்ட் பேட்டரிக்கு 31 வருடம் சிறை. 697 டன் வெடிமருந்து மூலப்பொருளுக்கு ஐந்து வருடம் நிழலான இடம். கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு பெயின்டர் ஒரு ராத்திரி எங்கே தூங்கினார் என்று பதிவேட்டில் எழுதிய அரசுக்கு, 37 கன்டெய்னர் மக்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் தூங்கியது தெரியவில்லை. லெபனானில் ஆள் செத்தால்தான் மணலியில் கண் திறக்கும் என்றால், இவர்கள் உளவுத்துறையை ஏன் நடத்துகிறார்கள்? டி.வி. வாங்கிக் கொடுத்தால் போதாதா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஊரையே நடுராத்திரியில் நடுங்க வைத்ததற்கு ஒரு பெயர் உண்டு அல்லவா? குழாய்க்கு அந்தப் பெயர் பொருந்தாது. குழாய்க்கு அபராதம், ஆய்வுக் குழு, மறுசீரமைப்பு உத்தரவு. செக்கிங் எல்லாம் முகாமில் இருக்கிற மனிதனுக்கு.

கிழித்து வைத்த பக்கம்

வெளிநாட்டு மாடலைத்தான் நம் ஆட்கள் பின்பற்றுகிறார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. சாண்ட்லரும் பீட்டர் ரோசன்டார்ஃபும் 2004இல் ஒரு மாடல் போட்டார்கள். அரசு எல்லை மீறி அடித்தால் பயங்கரவாத அமைப்புக்கு ஆள் சேரும் என்று அது காட்டியது. 2007இல் ஈதன் புவெனோ டி மெஸ்கிட்டாவும் எரிக் டிக்சனும் இன்னொன்று போட்டார்கள். சில அமைப்புகள் குண்டு வைப்பதே அரசைக் கண்மூடித்தனமாக அடிக்க வைக்கத்தான். அரசு அப்படி அடிக்கும்போது நடுவில் நிற்கிற ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள் என்றார்கள். அதாவது, நிரபராதியைப் பிடிப்பது பாவம் என்பதற்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்கே நஷ்டம் என்பதற்காகவும் நாலாவது கட்டத்தில் ஒரு பெரிய எண் எழுத வேண்டும். சல்லிக்காசு இரக்கம் இல்லாத கணக்கே இதைச் சொல்கிறது. உலகத்திலிருந்து ட்ரோனை வாங்கினோம், மென்பொருளை வாங்கினோம், சட்டத்தின் கடுமையை வாங்கினோம். இந்தப் பக்கத்தை மட்டும் வாங்கவில்லை.

"நாளைக்கு ஒரு குண்டு வெடித்தால் நீ பதில் சொல்வாயா?" என்று யாராவது கேட்பார்கள். நான் ஏன் சொல்ல வேண்டும்? சம்பளம் வாங்குகிறவர் சொல்லட்டும். தவறான ஆளைப் பூட்டி வைத்த ஒவ்வொரு நாளும் சரியான ஆள் வெளியே நடமாடிய நாள். ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களின் குடும்பத்துக்கு நீங்கள் கொடுத்தது 26இல் 19 ரிஜெக்ட். அவர்கள் பெயரைச் சொல்லி எங்கள் வாயை அடைக்காதீர்கள்.

நாலாவது கட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

பூஜ்யம் என்று இவ்வளவு நேரம் நினைத்திருப்பீர்கள். அரசை அப்படிக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முகாந்திரம் இல்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் பிரிவு ஒன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358ஆகக் கிடந்தது. 2024 ஜூலை 1 முதல் வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று முழங்கிக் கொண்டுவந்த புதுச் சட்டத்தில் அது 399. எண் புதிது. தொகை அதே தொகை: அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அதையும் கொடுக்க வேண்டியவர் கைது செய்யத் தூண்டியவர். கைது செய்த அரசு அல்ல.

கும்மிடிப்பூண்டி முகாமில் குடும்பத் தலைவர் அல்லாத ஒரு பெரியவருக்கு, 2021இல் உயர்த்திய பிறகு, மாத உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். மாடல் எவ்வளவு சீராக இருக்கிறது பாருங்கள். வெளியே நிற்கிற சந்தேக ஆளுக்கும் ஆயிரம். உள்ளே போய் வந்த நிரபராதிக்கும் ஆயிரம்.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தவறான வழக்கில் சிக்கிச் சீரழிந்தவர்களுக்கு இழப்பீடு என்பது நீதிமன்றம் மனமிரங்கிப் போடும் பிச்சையாக இருக்கக் கூடாது, சட்டப்படியான உரிமையாக இருக்க வேண்டும், அதற்குத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்றது. அதற்குப் பிறகு மூன்று பெரிய குற்றவியல் சட்டங்களை முழுசாக மாற்றி எழுதினார்கள். 277ஐப் புரட்டிப் பார்க்க நேரம் இல்லை. நேரம் இல்லாமல் இல்லை. நாலாவது கட்டத்தில் உண்மையான எண்ணை எழுதினால் மாடல் நஷ்டத்தில் ஓடுவது வெளியே தெரிந்துவிடும்.

ஆகவே எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். மனித உரிமை மாநாடு வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம். நிரபராதி உள்ளே இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு தொகையைச் சட்டத்தில் எழுதுங்கள். அந்த ஆள் வெளியே இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக் கூடியதற்குப் பத்து மடங்காக இருக்கட்டும். பணத்தைப் பொதுக் கஜானாவிலிருந்து எடுக்காதீர்கள். அது என் பணம். வழக்குப் போட்ட துறையின் பட்ஜெட்டில் பிடியுங்கள். வாக்குமூலத்தில் வரி விட்ட அதிகாரி ஓய்வு பெற்றிருந்தால் பென்ஷனில் பிடியுங்கள். ஒரே ஒரு வருடம் அமல்படுத்திப் பாருங்கள். சந்தேகம் வரும் வேகம் எப்படிக் குறைகிறது, பஸ் கிடைக்காத பெயின்டர் எப்படி வெறும் பெயின்டர் ஆகிறார், பேட்டரி எப்படி வெறும் பேட்டரி ஆகிறது என்று தெரியும்.